எழுத வராத மாணவனும் பொதுத்தேர்வும்

மதிப்பிற்குரிய ஐயா,

வேலூர் அருகே, அரசு உதவிபெறும் கிறிஸ்தவ உயர்நிலைப் பள்ளியொன்றில் தமிழாசிரியையாக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டதற்கெல்லாம் வாயால் தெளிவாக விடை சொல்கிறான்; எழுதினால் வரிக்கு வரி பிழை. வாசிப்பதிலும் எழுதுவதிலும் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடான டிஸ்லெக்சியாவாக இருக்கலாம் என்கிறேன் நான்; சோம்பல் என்கிறார்கள் மற்றவர்கள். தேர்ச்சி விகிதம் குறையும் என்று அவனுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்தனுப்பும் பேச்சும் எழுந்திருக்கிறது. அவனுக்குச் சலுகை கேட்பது மற்ற பிள்ளைகளுக்கு அநீதி ஆகாதா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

அநீதி ஆகாது. அறிவியல் தெரியுமா என்று அறிவதற்காக நடத்தும் தேர்வில், ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்று தடுமாறி நேரம் முழுவதையும் இழக்கும் பிள்ளையின் அறிவியல் அறிவு அளக்கப்படுவதே இல்லை. நம் எழுத்திலேயே அந்தத் தடுமாற்றத்துக்கு இடமுண்டு: ‘கெ’ என்பதில் பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி முன்னால் நிற்கிறது, ‘கொ’வில் இருபுறமும் நிற்கிறது. இதைச் சோம்பல் என்பவர்கள், எழுதி முடித்தபின் அவன் எவ்வளவு களைத்திருக்கிறான் என்பதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் இதை விரைவில் கண்டறிந்து, அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்கிறது 16ஆம் பிரிவு. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மொழி விலக்கு ஆகியவற்றை 17ஆம் பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மனநல மையத்தில் அவனைப் பரிசோதிக்கச் செய்யுங்கள். அரசு மருத்துவச் சான்றிதழுக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். பத்தாம் வகுப்பு தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம். பிறர் எழுதத் தான் விடை சொல்வதும் பழகிப் பெற வேண்டிய திறன்தான் என்பதால், ஒன்பதாம் வகுப்பின் அரையாண்டுத் தேர்விலேயே அதைத் தொடங்கிவிடுவது நல்லது.

உங்களுடையது கிறிஸ்தவப் பள்ளி என்பதால் இதையும் சொல்லத் தோன்றுகிறது. தான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன் என்று மோசே முறையிட்டபோது, கர்த்தர் அவனுடைய நாவை மாற்றவில்லை, அவனைப் பணியிலிருந்து விலக்கவும் இல்லை; அவனுக்காகப் பேச ஆரோனைத் துணை நிறுத்தினார். தேர்வறையில் உங்கள் மாணவனுக்காக எழுத அமர்பவர் செய்யப்போவதும் அதே வேலைதான். அவனுக்காக ஜெபியுங்கள், ஆனால் ஜெபத்தைக் காரணம் காட்டிப் பரிசோதனையைத் தள்ளிப்போட யாரையும் விடாதீர்கள்.

காலை வழிபாட்டில் வேதபாகம் வாசிக்கும் முறை அவனுக்கு வரும்போது, ஒரு சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்ல அனுமதியுங்கள். மாற்றுச் சான்றிதழ் பேச்சு மீண்டும் வந்தால், மேற்சொன்ன இரு பிரிவுகளையும் குறிப்பிட்டுத் தலைமையாசிரியர் வழியாகத் தாளாளருக்கு எழுத்துமூலம் கடிதம் கொடுத்து, அதன் நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.