கடுகண்ணாவையில் நமக்கென்ன இருக்கிறது?

ஐயா,
பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளைக் கடுகண்ணாவை ரயில் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். பழைய எஞ்சின்கள் பக்கம் நின்று ஆசைதீரப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்த என் அம்மா மட்டும் வேனை விட்டு இறங்கவில்லை. வெள்ளைக்காரன் கோப்பிக்குப் போட்ட பாதைதானே, இதில் நமக்கென்ன இருக்கிறது என்று எனக்கும் பட்டது. அந்த நிலையத்தின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்வீர்களா?
ச., வெள்ளவத்தை

அன்புள்ள ச.,

போன மாதம் கண்டிக்குப் போகும்போது அந்த ஏற்றத்தில் யன்னலோரம் உட்கார்ந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் உடனே எழுதுகிறேன்.

கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் கோச்சி ஓடியது 1864 டிசம்பர் 27. பாதை கடுகண்ணாவையைத் தாண்டிக் கண்டிக்குப் போனது 1867இல். ரம்புக்கனைக்கு மேலே ஏறத்தாழ 45 அடிக்கு ஓரடி ஏற்றம், நீராவிக் காலத்தில் இன்னொரு எஞ்சினும் சேர்ந்து தள்ள வேண்டும். முதல் ஓட்டத்தின் 150ஆவது ஆண்டு நிறைவன்று, 2014 டிசம்பர் 27இல், அருங்காட்சியகம் திறந்தது. கோப்பிக்குப் போட்ட பாதை என்பதும் சரி.

ஆனால் "நமக்கென்ன" என்று எப்படி எழுத மனம் வந்தது? அம்மா ஏன் இறங்கவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா?

1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 525,000 தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப ஒத்துக்கொண்டார்கள். அதன்படி போன மலையகச் சனம் ஹட்டனில் ஏறினாலும் நானுஓயாவில் ஏறினாலும் இந்தக் கடுகண்ணாவை வழியாகத்தான் இறங்கி, பொல்கஹவெலையில் வடக்கே திரும்பி, தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் ஏறியது. ஒப்பாரிக் கோச்சி என்று நம் ஆட்கள் சொல்வது அதைத்தான். பிறந்த மலையை அவர்கள் கடைசியாகப் பார்த்தது இந்த இறக்கத்தில்தான். உங்கள் பிள்ளைகள் படமெடுத்த நிலையம் அது.

என் அத்தை போனபோது எனக்கு ஏழு வயது. ஹட்டன் பிளாட்பாரத்தில் தகரப் பெட்டி, அதில் வெள்ளைப் பெயின்டில் மாமாவின் பெயர், கீழே மண்டபம் முகாம் என்று, அக்கரையில் தமிழ்நாட்டில் போய்ச் சேரும் இடம். அத்தை வளர்த்த கோழியைக் காலைக் கட்டிக் கையோடு கொண்டுவந்திருந்தாள். யாரோ ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கோச்சி நகரத் தொடங்கியதும் யன்னல் வழியாக அதை அப்பாயியின் மடியில் போட்டாள். அப்பாயி அழக்கூட இல்லை, கோழியின் காலில் இருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இருந்தார். லயத்துக்கு வந்த பிறகும் அந்தக் கயிறு அவர் விரலில் சுற்றியே கிடந்தது. கோழியை நாங்கள் அடிக்கவில்லை, அது கிழடாகித்தான் செத்தது.

எஞ்சின் எந்த ஊரில் செய்தது, எத்தனை தொன் என்பதெல்லாம் பிள்ளைகள் தாங்களாகவே படித்துக்கொள்வார்கள். அதில் உட்கார்ந்து போனவர்களை வீட்டில் இருக்கிற பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும், அவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். வேனில் உட்கார்ந்திருந்த அம்மாவை விட்டுவிட்டு என்னிடம் வரலாறு கேட்கிறீர்களே, கோபம் வருகிறது தம்பி.

இன்று இரவு சாப்பிட்ட பிறகு அம்மா பக்கத்தில் உட்காருங்கள். யாரை வழியனுப்ப அவர் ஸ்டேஷனுக்குப் போனார் என்று மெதுவாகக் கேளுங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள், அந்த ஆளின் பெயரோடு.