பேத்தாலஜி முதலாண்டு: கேட்டவையும் என் பதில்களும்

பகலில் ஸ்லைடு பார்ப்பது, மாலையில் நர்சிங், லேப் டெக்னீஷியன் பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பது என்று ஓடுகிறது என் பொழுது. பரீட்சை நெருங்குவதால் வந்து குவிந்த கேள்விகளில் சில இங்கே.

மேடம், பேத்தாலஜி என்ற நோயியல் பாடம் முழுக்கப் பெயர்ப் பட்டியலாகவே இருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது? (நர்சிங் மாணவி)

பெயரை விடுங்கள், செல்லைப் பிடியுங்கள். நோயைச் செல்லில் தேடு என்று ருடால்ஃப் விர்கோ பெர்லினில் பாடம் நடத்தி, அது 1858இல் புத்தகமாகவும் வந்தது. எந்த நோயானாலும் செல்லைத் தாக்கியது எது, செல் என்ன செய்தது, தாக்கி எவ்வளவு நேரமாயிற்று என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைப் பிள்ளைகள் கேட்பதே இல்லை. பாதிப் பாடம் அதில்தான் இருக்கிறது.

மாரடைப்புக்கு ஒரு கால அட்டவணை கொடுத்திருக்கிறார்கள். மனதில் நிற்கவே மாட்டேன் என்கிறது. (அதே மாணவி)

வார்டில் படுத்திருக்கும் ஆளோடு சேர்த்துப் படித்தால் நிற்கும். ரத்தக்குழாய் அடைபட்ட ஓரிரு நிமிடத்தில் அந்தப் பகுதித் தசை சுருங்குவதை நிறுத்திவிடும். ஆனால் செல் இன்னும் சாகவில்லை. 20 முதல் 40 நிமிடம் தாண்டினால்தான் மீளமுடியாத சேதம். அதுவும் சுவரின் உள்பக்கத்தில் தொடங்கி, சில மணி நேரத்தில் மெல்ல வெளிப்பக்கம் பரவும். நெஞ்சு வலி என்று வந்தவரை, இதயக் குழாய் அடைப்பைத் திறக்கும் கேத் லேபுக்கு அள்ளிக்கொண்டு ஓடுவது, மிச்சமிருக்கும் தசையைக் காப்பாற்றத்தான்.

முதல் நான்கு மணி நேரத்தில் சாதாரண மைக்ராஸ்கோப்பில் அநேகமாக ஒன்றும் தெரியாது. 1 முதல் 3 நாளில் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் கூட்டமாக வரும். 3 முதல் 7 நாளில் மேக்ரோஃபேஜ்கள் என்ற துப்புரவுச் செல்கள் செத்த தசையைத் தின்று அகற்றும். பழைய தசை போய், புதுத் திசு இன்னும் வராத நேரம் அது. இதயச் சுவர் மிக மென்மையாக இருப்பதும் அப்போதுதான், கிழிந்தாலும் பெரும்பாலும் அப்போதுதான். "எனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அனுப்புங்கள்" என்று அவர் அடம்பிடிப்பதும் சரியாக அந்த நாட்களில்தான்! நான்காம் நாள் பிபி திடீரென்று இறங்கினால் டாக்டரை உடனே கூப்பிடுங்கள். தழும்பு முழுசாக முற்ற இரண்டு மாதம் பிடிக்கும். ஆனால் தழும்பு சுருங்கி விரியாது.

கால் சுளுக்கினால் வரும் அழற்சி கெட்டதுதானே? (பிசியோதெரபி மாணவர்)

இல்லை தம்பி, அது இல்லாமல் புண்ணே ஆறாது. குழாய்கள் விரிவதால் சிவப்பும் சூடும், நீர் கசிவதால் வீக்கம், பிராஸ்டாகிளாண்டின், பிராடிகைனின் போன்ற உடலின் வேதிப்பொருட்களால் வலி. இந்த நான்கையும் முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானியரான செல்சஸ் எழுதிவிட்டார். அழற்சி அடங்காமல் மாதக்கணக்கில் நீடித்தால்தான் தொல்லை.

ஹைப்பர்டிரோபி, ஹைப்பர்பிளேசியா குழப்புகிறது.

முதலாவதில் செல்லின் அளவு பெரிதாகும், இரண்டாவதில் செல்லின் எண்ணிக்கை கூடும். பிபிக்காரரின் இதயம் முதல் வகை, வயதானவரின் புராஸ்டேட் இரண்டாம் வகை. கர்ப்பிணியின் கருப்பையில் இரண்டும் உண்டு.

பயாப்ஸியை (பரிசோதனைக்கு வெட்டி எடுத்த திசுவை) ஏன் சலைன் என்ற உப்பு நீரில் போடக்கூடாது? (லேப் டெக்னீஷியன் மாணவர்)

சலைன் திசுவைப் பதப்படுத்தாது. வெட்டி எடுத்த நிமிடத்திலிருந்து செல்லின் சொந்த என்சைம்களே அதைக் கரைக்கத் தொடங்கிவிடும். திசுவைப் பதப்படுத்தும் திரவமான 10 சதவீத ஃபார்மலின்தான் அதைத் தடுக்கும், அதுவும் திசுவைப்போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். ஒருமுறை கட்டி ஒன்றைச் சின்ன டப்பாவில் ஊறுகாய் மாதிரி திணித்து அனுப்பியிருந்தார்கள், ஃபார்மலின் மேலே ஒரு விரல்கூட இல்லை. வெட்டினால் ஓரம் கெட்டியாக இருந்தது, நடு கொழகொழவென்று போயிருந்தது. ஸ்லைடில் நியூக்ளியஸ் எல்லாம் வெளிறிக் கிடந்தது. அதில் என்ன ரிப்போர்ட் எழுதுவது? அப்புறம், லேபிளை மூடியில் ஒட்டாதீர்கள். மூடி மாறினால் நோயாளியே மாறிவிடுவார்.

அம்மாவின் எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டில் மெட்டாபிளேசியா என்று இருக்கிறது. புற்றுநோயா மேடம்?

இல்லைம்மா. ஒரு வகைச் செல் இருந்த இடத்தில், தொடர்ந்த எரிச்சலால் வேறு வகைச் செல் வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சில இடங்களில் அது நாளடைவில் புற்றுநோய் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும் என்பதால் கண்காணிப்பார்கள். டிஸ்பிளேசியா என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறதா பாருங்கள், அது செல்கள் ஒழுங்கு கெட்டு மாறத் தொடங்கிய நிலை, வேறு கதை. எதுவானாலும் எண்டோஸ்கோப்பி செய்த டாக்டரிடமே ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். எந்த இடத்தில் திசு எடுத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும்.