ஜிங்க் மாத்திரைக்குப் பிறகு பாதம் மரத்துப்போகிறது (பாலக்கோடு)

பாலக்கோடு நண்பருக்கு, முடி கொட்டுவதற்காக நீங்களே வாங்கி எட்டு மாதமாகத் தினம் 50 மி.கி. ஜிங்க் (துத்தநாகம்) போட்டிருக்கிறீர்கள். பாதம் மரத்துப்போகிறது, இரும்பு மாத்திரைக்கும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. இனி ஜிங்க் அளவைப் பார்க்கலாமா என்கிறீர்கள். அதைவிட முக்கியம் உடம்பில் செம்பு (காப்பர்) எவ்வளவு இருக்கிறது என்பது.

ஜிங்க் அதிகமானால் சிறுகுடல் செல்கள் மெட்டாலோதயோனின் என்ற புரதத்தைக் கூடுதலாகச் செய்யும். உபரி ஜிங்க்கை அடக்கத்தான் அது. ஆனால் செம்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சில நாளில் அந்தச் செல்கள் உதிரும்போது செம்பும் மலத்தோடு போய்விடும். விளைவு, செம்பு குறைந்து ரத்தசோகை, வெள்ளணுக் குறைவு, நரம்புக் கோளாறு.

ஜிங்க்கை இன்றே நிறுத்துங்கள். சீரம் காப்பர் (ரத்தத்தில் உள்ள செம்பு), செருலோபிளாஸ்மின் (ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதம்), சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை), கூடவே வைட்டமின் பி12 (அது குறைந்தாலும் இதே தொல்லை வரும்) ஆகிய ரத்தப் பரிசோதனைகளைச் செய்யுங்கள். ரிப்போர்ட்டோடு தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், மாத்திரை அட்டையையும் காட்டுங்கள். செம்பு மாத்திரையை நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். தள்ளிப்போடவும் வேண்டாம்: ரத்தம் தேறிவிடும், ஆனால் நரம்பு முழுதாகத் தேறும் என்று சொல்ல முடியாது.

பெரியவர்களுக்கு ஜிங்க்கின் உச்சவரம்பே நாளுக்கு 40 மி.கி. அட்டையில் ‘ஜிங்க் சல்ஃபேட் 220 மி.கி.’ என்றிருந்தால் உள்ளே இருக்கும் ஜிங்க் சுமார் 50 மி.கி.

ஜிங்க் உடம்பில் சேராது என்று பயந்து கேழ்வரகுக் களியை விட வேண்டாம். கேழ்வரகில் உள்ள பைட்டேட் என்ற பொருள் ஜிங்க் உடம்பில் சேர்வதைத் தடுப்பது உண்மைதான், ஆனால் முளைகட்டினாலோ கூழாகப் புளிக்கவைத்தாலோ அது குறையும்.