வாசகர் கேள்வி–பதில்: கசுலு லட்சுமிநரசு செட்டி

காங்கிரசுக்கு முன்பே சென்னையில் அரசியல் சங்கம் நடத்திய வியாபாரி யார்? – வாசகர், திருவண்ணாமலை

கசுலு லட்சுமிநரசு செட்டி. 1806இல் சென்னையில் அவுரி வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். வியாபாரத்தில் ஈட்டிய பணத்தைக் கொண்டு 1844 அக்டோபரில் 'கிரசண்ட்' என்ற ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார். மதம் மாறியவருக்கும் குடும்பச் சொத்தில் உரிமை தரும் சட்ட முயற்சியை அது கடுமையாக எதிர்த்தது. அவரைச் சமூகச் சீர்திருத்தவாதி ஆக்கிவிடுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. அந்தச் சட்டம் 1850இல் நிறைவேறியேவிட்டது.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு 1852இல் மனு அனுப்பினாராமே, ஏன் அந்த வருடம்? – வாசகர், கோவை

இந்தியாவை ஆள கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நாடாளுமன்றம் தந்த சாசனம் (உரிமைப் பத்திரம்) 20 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டுவந்தது. 1833இல் தந்தது 1854 ஏப்ரலில் முடிய இருந்தது. லண்டனில் அதைப் பற்றிப் பேச்சு நடக்கும்போதே குறைகள் அங்கே போய்ச்சேர வேண்டும். வியாபாரிக்குத் தவணைக் கணக்கா தெரியாது? 1852 பிப்ரவரியில் அவர் முயற்சியால் சென்னை சுதேசி சங்கம் பிறந்தது, அதே வருடம் மனு போனது. நிலவரிச் சுமை, வசூல் கொடுமை, நீதிமன்றத் தாமதம் ஆகியவை அதில் முக்கியம்.

'கிட்டி' விசாரணையில் அவர் பங்கு என்ன? – வாசகர், கடலூர்

1853இல் டான்பி சீமோர் என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் இங்கே வந்தபோது, செட்டி அவரை வெளியூர்களுக்கு அழைத்துப்போய்க் குடியானவர்களோடு பேசவைத்தார். வரிப்பாக்கிக்காக, ஒரு முனையில் கட்டிய இரண்டு குச்சிகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெரிப்பது கிட்டி. கழுத்தையும் கால்விரலையும் கயிற்றால் பிணைத்து, குனிந்தபடியே வெயிலில் நிறுத்துவது அண்ணாந்தாள். 1854 ஜூலையில் இந்தச் சித்திரவதை விஷயம் லண்டனில் நாடாளுமன்றத்தில் வெடித்தது. செப்டம்பரில் இங்கே மூவர் விசாரணைக் குழு அமைந்தது. 1855இல் வந்த அதன் அறிக்கை, சித்திரவதை நடந்தது உண்மையே என்றது. வேர் எங்கே என்றால், வரி வசூலும் போலீசும் ஒரே தாசில்தார் கையில் இருந்ததில். பாக்கியைக் கேட்பவரே பிடித்து அடைக்கவும் முடிந்தால், குடியானவர் யாரிடம் போய் முறையிடுவார்? 1859இல் போலீசை வரி வசூலிலிருந்து பிரித்துத் தனித் துறையாக்கும் சட்டம் வந்தது.

கடைசிக் காலம்? – வாசகர், மதுரை

1863இல் சென்னைச் சட்டசபைக்கு நியமன உறுப்பினரானார். 1868இல் காலமானபோது சொத்து ஏறக்குறையக் கரைந்திருந்தது. பத்திரிகை, சங்கம் இரண்டின் செலவும் பெரும்பாலும் அவர் தலையில்தான் விழுந்தது. ஒருவர் பணப்பையை நம்பிய சங்கம் அவருக்குப் பின் எழவில்லை. 1884இல் சென்னை மகாஜன சபை வரும்வரை அந்த இடம் காலியாகவே கிடந்தது.