பழைய லைட்வெயிட் பைக்கில் வீல் பேரிங் மாற்றலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய 125 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி. முன்சக்கரத்தில் சைக்கிளில் வருகிற மாதிரி கப், கோன், உதிரி பால்ஸ்தான். எத்தனை முறை டைட் வைத்தாலும் கொஞ்ச நாளில் மறுபடி ஆட்டம் வந்துவிடுகிறது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பால்ஸும் வளையமும் ஒன்றாகச் சேர்ந்து மூடி வருகிற சீல்டு பேரிங் போடலாமா சார்? என்ன நம்பர் வாங்குவது?

பதில்: தாராளமாகப் போடலாம். ஆனால் முதலில் ஆக்ஸில் மரையில் ஏறியிருக்கும் கூம்பு வளையமான கோனைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, நல்ல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பால்ஸ் ஓடிய தடம் ஒரே சீராகப் பளபளவென்று இருந்தால் கோனில் குறை இல்லை, லாக் நட்டுதான் பிடிக்கவில்லை. அதைச் சரிசெய்தாலே வண்டி இன்னும் பல வருடம் ஓடும். தடத்தில் புள்ளி புள்ளியாகக் குழி தெரிந்து, நகத்தால் நீவும்போது நகம் தட்டினால் அந்தக் கோனின் ஆயுசு முடிந்தது. மேலே இருந்த கடினமான படலம் பெயர்ந்துவிட்டது, இனி எவ்வளவு டைட் வைத்தாலும் நிற்காது. சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் இருக்கும், பால்ஸ் உட்காரும் கிண்ணமான கப்பையும் இதே மாதிரி பாருங்கள். சில ஹப்பில் கப் தனியாக வெளியே வரும், சிலவற்றில் ஹப்போடு சேர்ந்தே இருக்கும். சேர்ந்திருந்தால் லேத்தில் கடைந்துதான் பேரிங்குக்கு இடம் செய்ய வேண்டும். கடைந்த பிறகு ஹப்பின் சுவரில் எவ்வளவு கனம் மிஞ்சும் என்று அளக்காமல் அந்த வேலையில் இறங்காதீர்கள்.

நம்பரை ஹப்பை அளக்காமல் யாரும் சொல்ல முடியாது. அளவு கையில் வந்துவிட்டால் நம்பர் தானாக வந்துவிடும். 6201 என்றால் உள்விட்டம் 12, வெளிவிட்டம் 32, அகலம் 10 மிமீ. 6202 என்றால் 15, 35, 11. 6203 என்றால் 17, 40, 12. சின்ன வண்டிகளுக்குப் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று பொருந்திவிடும். சிக்கல் ஆக்ஸிலில்தான் வரும். பழைய இங்கிலாந்து வண்டிகளில் எல்லாமே அங்குலக் கணக்கு, அரை அங்குல ஆக்ஸில் என்றால் 12.7 மிமீ, அது 6201-க்குள் நுழையாது. ஆக்ஸிலைக் கடைந்து 12 ஆக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், வண்டியின் எடையைத் தாங்குவதே அதுதான். 6202 வாங்கி, நடுவில் 1.15 மிமீ கனத்தில் ஸ்டீல் ஸ்லீவ் (குழாய் போன்ற உறை) கடைந்து போடுங்கள். இல்லாவிட்டால் ஆர்எல்எஸ் 4 என்ற அங்குல அளவு பேரிங் இருக்கிறது. உள்விட்டம் சரியாக அரை அங்குலம், வெளிவிட்டம் 33.34 மிமீ.

கேள்வி: புது பேரிங் போட்டேன். கையால் சுற்றினால் சக்கரம் அருமையாகச் சுற்றுகிறது. ஆக்ஸில் நட்டை முறுக்கியதும் கனமாகிவிடுகிறது. அப்படியே ஓட்டியதில் பேரிங் சீக்கிரமே சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. மட்டமான பேரிங்காக இருக்குமோ?

பதில்: பேரிங்கைக் குறை சொல்லாதீர்கள், இது இரண்டு பேரிங்குக்கும் நடுவில் நிற்க வேண்டிய ஸ்பேசர் ட்யூபின் கோளாறு. கப்-கோன் சக்கரத்தை மாற்றுகிறவர்களில் நிறைய பேர் தடுக்கி விழுவது இங்கேதான். கோன் ஆக்ஸில் மரையில் ஏறி தன் இடத்தில் நின்றுகொள்ளும், அதனால் அந்த ஹப்புக்கு நடுவில் ட்யூபே தேவைப்படவில்லை. பேரிங் வந்தபிறகு கதை வேறு. இரண்டு பேரிங்கின் வெளி ரேஸும், அதாவது வெளி வளையமும், ஹப்புக்குள் இருக்கும் படியில் உட்கார்ந்திருக்கும், உள் ரேஸ்கள் இரண்டையும் தள்ளி நிறுத்துவது அந்த ட்யூப் மட்டும்தான். ட்யூப் இல்லையென்றாலோ, நீளம் கால் மில்லிமீட்டர் குறைந்தாலோ, நட்டை முறுக்க முறுக்க இரண்டு உள் ரேஸும் ஒன்றையொன்று நோக்கி இழுபடும். பால்ஸ் பள்ளத்தின் நடுவில் ஓடாமல் ஓரத்தில் ஏறி நசுங்கும். சூடாகும், அப்புறம் இரைச்சல், அப்புறம் ஆட்டம்.

ஹப்பின் மொத்த அகலத்தை அளந்து, இரண்டு பக்கமும் விளிம்பிலிருந்து படி வரைக்கும் உள்ள ஆழத்தை வெர்னியரில் எடுத்துக் கழித்துவிடுங்கள். வருவதுதான் ட்யூபின் நீளம். சரியாக அதே அளவு இருக்கட்டும், இல்லையென்றால் 0.1 மிமீ வரை கூடுதலாக இருக்கட்டும், குறையவே கூடாது. இரண்டு முனையும் நேராகக் கடைந்திருக்க வேண்டும், ரம்பத்தால் அறுத்த முனை ஆகாது. ட்யூப் உள் ரேஸின் முகத்தில் மட்டும் உட்கார வேண்டும், சீலில் உரசக் கூடாது; 6202-க்கு ட்யூபின் வெளிவிட்டம் 20 மிமீ இருந்தால் பிரச்சினை வராது.

பொருத்தும்போது ஒரு பக்க பேரிங்கைப் படி வரை முழுதாக இறக்குங்கள். ட்யூபை வையுங்கள். அடுத்த பேரிங்கை அதன் உள் ரேஸ் ட்யூபைத் தொடும் வரை மட்டும் இறக்கி, அங்கேயே நிறுத்திவிடுங்கள். இப்போது ஆக்ஸில் ஓட்டை வழியாக ஒரு ஸ்க்ரூடிரைவரை விட்டு ட்யூபைப் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள். கொஞ்சம் அழுத்தினால்தான் நகர்கிறது என்றால் சரி. கடகடவென்று ஆடினால் பேரிங் இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும். அது ஏற்கெனவே படியில் உட்கார்ந்தபிறகும் ஆடுகிறது என்றால் ட்யூப் குட்டை, வேறு கடையுங்கள்.

கேள்வி: பால்ஸுக்குப் பதில் கூம்பு உருளைகள் உள்ள டேப்பர் ரோலர் பேரிங் போட்டால் இன்னும் பலமாக இருக்காதா?

பதில்: சைடு கார் மாட்டிய வண்டி என்றால் சரி, போடுங்கள். தனி பைக்குக்கு அவசியமே இல்லை. வளைவில் பைக் சாய்ந்துவிடுவதால் சுமை ஏறக்குறைய சக்கரத்தின் தளத்திலேயே விழும், பேரிங்குக்குப் பக்கவாட்டு இழுப்பு குறைவு. சைடு கார் சாயாது, அங்கே முழு இழுப்பும் ஹப்பில்தான். ஒரு 6202 7.5 கிலோநியூட்டனுக்கு மேல் இயக்கச் சுமை தாங்கும், நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் ஓடும். 2 மீட்டர் சுற்றளவுள்ள உங்கள் சக்கரம் 80 கிமீ வேகத்தில்கூட 700 சுற்றைத் தொடாது.

கேள்வி: இசட்இசட், 2ஆர்எஸ், சி3 என்று என்னென்னவோ எழுதியிருக்கிறது. எதை வாங்க?

பதில்: 2ஆர்எஸ். இரண்டு பக்கமும் ரப்பர் சீல், உள் ரேஸைத் தொட்டுக்கொண்டே இருக்கும். இசட்இசட் என்பது தகட்டு மூடி, ஓரத்தில் மெல்லிய இடைவெளி உண்டு, தூசியை ஓரளவு தடுக்கும், மழைத் தண்ணீரைத் தடுக்காது. 2ஆர்எஸ் பேரிங்கைக் கையில் சுற்றினால் கொஞ்சம் கனமாகத் தெரியும், அது சீலின் உரசல், ஓட்டும்போது தெரியவே தெரியாது. சி3 என்றால் உள்ளே இடைவெளி வழக்கத்தைவிட அதிகம். சக்கரத்துக்குச் சாதாரணமே போதும். இன்னொரு விஷயம், பழைய ஹப்பில் கிரீஸ் நிப்பிள் இருந்தால் இனி அதில் கிரீஸ் அடிக்காதீர்கள். சீல் இருப்பதால் அது பேரிங்குக்குள் போகாது, ஹப்பில் நிரம்பி, ஓரமாக வழிந்து பிரேக் ஷூவில் போய்ச் சேரும்.

கேள்வி: அலுமினிய ஹப். பழைய பேரிங்கை அடித்து எடுக்கப் பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படுவது நியாயம்தான், அடிக்க வேண்டாம், சூடாக்குங்கள். சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 35 மிமீ ஓட்டை 80 டிகிரி சூடு ஏறினால் சுமார் 0.06 மிமீ பெரிதாகும், பேரிங்கைப் பிடித்திருக்கும் இறுக்கம் பொதுவாக அதில் பாதிகூட இருக்காது. டயர், டயருக்குள் இருக்கும் ட்யூப், பிரேக் ஷூ எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஹாட் ஏர் கன்னால் ஹப்பைச் சுற்றிச் சுற்றிச் சூடாக்குங்கள். தண்ணீர் ஒரு சொட்டு விட்டால் சுர்ரென்று கொதித்து ஓட வேண்டும், அதுதான் பதம். கேஸ் தீயை ஒரே இடத்தில் காட்டாதீர்கள். பேரிங்குக்கு வெளியே மரை போட்ட ரிங் இருந்தால் முதலில் அதைக் கழற்ற வேண்டும், பல ஹப்பில் அது இடது மரை, தெரியாமல் எதிர்ப்பக்கம் முறுக்கினால் ஹப் போச்சு.

புது பேரிங்கை ஃப்ரீசரில் வைத்திருந்து, சூடான ஹப்பில் வைத்தால் பெரும்பாலும் தானாகவே டக்கென்று இறங்கிவிடும். தட்டியே ஆக வேண்டுமென்றால் பழைய பேரிங்கின் வெளி ரேஸை மேலே வைத்து அதில் தட்டுங்கள். உள் ரேஸில் அடித்தால் அந்த அடி பால்ஸ் வழியாகப் போய் ரேஸில் பள்ளம் விழும், புது பேரிங் முதல் ஓட்டத்திலேயே உறுமும். ஹப் தேய்ந்து பேரிங் லூசாக விழுகிறதா? சென்டர் பஞ்ச் வைத்துப் புள்ளி குத்துகிற பழக்கம் வேண்டாம், அந்தப் புள்ளிகள் சீக்கிரமே தேய்ந்துவிடும். கொஞ்சம் லூசு என்றால் பேரிங் ஒட்டும் பசை, அதற்கு மேல் என்றால் ஸ்லீவ்.

கேள்வி: பேரிங் மாற்றியும் முன்சக்கரம் ஆடுகிறதே?

பதில்: ஆடுவது சக்கரம்தானா என்று பாருங்கள். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஒருவர் ஃபோர்க்கின் அடிப்பகுதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, நீங்கள் ரிம்மை மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். ஃபோர்க்கைப் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் ஹப்பைத் தொட வேண்டாம், ஹேண்டில் கழுத்தில் இருக்கும் ஸ்டீயரிங் பால் ரேஸை டைட் வையுங்கள்.