வெள்ளம் வடிந்த ஊரை வரைவது

அன்புள்ள ஐயா,

ஊத்தங்கரையில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். ஃபெஞ்சல் புயல் மழையில் இங்கே சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் அடித்துக்கொண்டு போனதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். 'பத்து வருடம் கழித்து நம் ஊர்' என்று பிள்ளைகளை வரையச் சொன்னேன். மேம்பாலம், கண்ணாடிக் கட்டடம், மெட்ரோ ரயில் என்று வரைந்து தள்ளிவிட்டார்கள். ஒரு தாளில்கூட வெள்ளம் இல்லை. "பட்டதை மறந்து பகல்கனவு காணச் சொல்லித் தருகிறீர்கள்" என்கிறார் சக ஆசிரியர் ஒருவர். அப்படித்தானா?

ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் உங்கள் ஊரில் 50 செ.மீ. மழை. அதைப் பார்த்த பிள்ளை மேம்பாலம் வரைகிறது என்றால், தண்ணீர் எட்டாத உயரத்தில் அதற்கு ஒரு சாலை வேண்டியிருக்கிறது. அந்தப் படத்தில் வெள்ளம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

எனக்கு உறுத்துவது வேறு. அதைச் சொல்ல ஒரு ஜப்பான் கதை வேண்டும். 1923 செப்டம்பர் 1 நிலநடுக்கத்திலும் அதையொட்டிப் பிடித்த தீயிலும் டோக்கியோ வட்டாரத்தில் லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். மீண்டெழுந்த நகரத்தை 1928 முதல் 1932 வரை எட்டு ஓவியர்கள் நூறு மரச்செதுக்கு அச்சுப் படங்களாக்கினார்கள். புதுப் பாலங்கள், காபிக்கடைகள், சுரங்க ரயில். அழகுதான். ஆனால் எனக்கு நெருக்கமானவர் கோன் வாஜிரோ. அதுவரை கிராமத்து வீடுகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர், தீ அணைந்ததும் நோட்டும் பென்சிலுமாக இறங்கி, கருகிய தகரத்தைப் பொறுக்கி ஜனங்கள் போட்டுக்கொண்ட கொட்டகைகளை வரைந்தார். நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, தற்காலிகக் கடைகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் வண்ணம் தீட்டிக் கொடுத்தார். கட்டடக் கலைஞர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். (எல்லா ஊரிலும் ஒரு சக ஆசிரியர் இருப்பார் போலும்.) 1925இல் கின்சா கடைவீதியில் நின்று, போகிறவர் வருகிறவர் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று எண்ணிப் படம் போட்டார். பெண்களில் நூற்றுக்கு ஒருவர்தான் மேலைநாட்டு உடை. நகரம் எப்படிப் புதிதாகிறது என்பதை அந்த எண்ணிக்கை சொல்கிற அளவுக்குப் பாலங்கள் எனக்குச் சொல்லவில்லை.

உங்கள் பிள்ளைகளின் மேம்பாலத்தில் ஆள் இருக்கிறார்களா? அதன் அடியில் பூ விற்கிறவர், பானிபூரி வண்டி, திருப்பத்தூர் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம்? இல்லையென்றால் அது எந்த ஊர்ப் பாலமாகவும் இருக்கலாம். தாளைத் திருப்பிக் கொடுத்து ஆட்களை வரையச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஏரி நிரம்பிக் கோடி போனால் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும், அந்த வழியில் இப்போது என்ன கட்டியிருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். தாத்தா பாட்டிகளுக்கு அது அத்துப்படி. பத்து வருடம் கழித்து வரப்போகும் ஊரிலும் அந்தத் தண்ணீருக்கு ஒரு வழி வேண்டும். மெட்ரோவை எங்கே வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளட்டும். படங்களைப் பள்ளி ஆண்டுவிழாவோடு சுருட்டி வைத்துவிடாமல், அனுமதி வாங்கிப் பேரூராட்சி அலுவலகச் சுவரில் மாட்டப் பாருங்கள். வீடு கட்ட அனுமதி கேட்டு வருகிறவர்கள் அங்கேதான் காத்திருக்கிறார்கள்.