டோஸ் எவ்வளவு, எந்த உறுப்புக்கு? – கதிர்வீச்சு கேள்வி பதில்

தேர்வு நெருங்கிவிட்டது, இமேஜிங் டெக்னாலஜி மாணவர்கள் கேள்விகளைக் குவித்துவிட்டார்கள். நடுவே சில ஆஸ்பத்திரி ஊழியர்களும், ஒரு அப்பாவும், ஒரு மாமியாரும் புகுந்திருக்கிறார்கள். சென்னையில் முப்பது வருடம் மருத்துவ இயற்பியலாளராகவும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியாகவும் இருந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

திவ்யா, இரண்டாம் ஆண்டு, ராயபுரம்: சார், கதிர்வீச்சை அளக்கும் கிரே, சீவர்ட் என்ற இரண்டு அலகுமே கிலோவுக்கு ஒரு ஜூல்தான். பிறகு எதற்கு இரண்டு பெயர்? வைவாவில் இதில்தான் மாட்டிக்கொள்கிறேன்.

கிரே ஒரு மழைமானி அம்மா. எத்தனை சென்டிமீட்டர் பெய்தது என்று சொன்னதோடு அதன் வேலை முடிந்தது. பத்து சென்டிமீட்டர் மழை மேட்டிலுள்ள பரங்கிமலையிலும் பெய்யும், பள்ளமான வேளச்சேரியிலும் பெய்யும். எந்த ஊரில் வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று மழைமானிக்குத் தெரியாது. சீவர்ட் அந்தக் கணக்கைப் போடப் பார்க்கிறது, இரண்டு படியாக.

முதல் படி, என்ன கதிர் என்பது. எக்ஸ், காமா, பீட்டா மூன்றுக்கும் பெருக்கும் எண் 1, ஆல்ஃபாவுக்கு 20. ஆல்ஃபா துகள் தன் சக்தி முழுவதையும் சில செல்களைக் கடப்பதற்குள் கொட்டிவிடும். டி.என்.ஏ.வின் இரண்டு இழையும் பக்கத்தில் பக்கத்தில் அறுந்துபோனால் செல்லுக்கு ஒட்டுப்போடுவது கஷ்டம். எக்ஸ்ரே அவ்வளவு நெருக்கமாக அடிப்பதில்லை. அது செய்யும் சேதத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சுற்றுவழியில் வருவது: செல்லில் உள்ள தண்ணீரை உடைக்கும், அதில் பிறக்கும் ஹைட்ராக்சில் ராடிகல் என்ற முரட்டுத் துண்டு போய் டி.என்.ஏ.வைத் தாக்கும். பெரும்பாலும் ஒற்றை இழைதான் அறும். எதிர் இழையைப் பார்த்துச் செல்லே தைத்துக்கொள்ளும்.

இரண்டாம் படி, எந்த உறுப்பு என்பது. ஒவ்வொரு உறுப்புக்கும் அதன் பாதிப்பு வாய்ப்பைப் பொறுத்து ஒரு எடை எண் உண்டு. தைராய்டுக்கு மட்டும் 10 மில்லிகிரே எக்ஸ்ரே போனால் அதன் எடை எண் 0.04-ஆல் பெருக்கி 0.4 மில்லிசீவர்ட். அதே 10 மார்பகத்துக்குப் போனால் எண் 0.12, ஆக 1.2. மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய கைடை வைத்துப் படிப்பவர்கள் கவனம்! அதில் மார்பகத்துக்கு 0.05, இனப்பெருக்கச் சுரப்பிகளுக்கு 0.20 என்று இருக்கும். 2007-இல் ஐ.சி.ஆர்.பி. என்ற சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் அவற்றை 0.12, 0.08 என்று மாற்றிவிட்டது. வைவாவில் இந்த ஒரு இடத்தில் விழுந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. தோல் சிவந்துபோனது, கண்ணில் புரை விழுந்தது என்றால் அங்கே சீவர்ட்டை இழுக்காதே, கிரேயில் பேசு. தோல் சிவக்க ஒரே இடத்தில் சுமார் 2 கிரே வேண்டும். அதற்குக் கீழே சிவக்காது. சீவர்ட் கணக்கு புற்றுநோய் போன்ற, வாசல் அளவு இல்லாமல் வாய்ப்பாக மட்டும் கூடுகிற பாதிப்புகளுக்கு.

அப்துல், மூன்றாம் ஆண்டு: வேகமாகப் பிரியும் செல்தான் கதிர்வீச்சில் சீக்கிரம் சாகும் என்று 1906-இல் பெர்கோனியேவும் திரிபோந்தோவும் சொன்னது எல்லாச் செல்லுக்கும் பொருந்துமா?

இல்லை. லிம்ஃபோசைட் என்ற ரத்த வெள்ளை அணு பிரியாமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், ஆனால் முதலில் சாகிற கூட்டத்தில் அதுவும் உண்டு. விதியை எழுதிவிட்டு இந்த விலக்கையும் எழுது, மார்க் கிடைக்கும்.

ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன், குரோம்பேட்டை: அண்ணா, எலும்பு ஆபரேஷனில் சி-ஆர்ம் எக்ஸ்ரே மிஷின் ஓடும்போது கூடவே நிற்கிறேன். டோஸ் அளக்கும் பேட்ஜ் மாட்டினால் ரீடிங் ஏறி வேலைக்குப் பிரச்சினை வரும் என்று சீனியர்கள் கழற்றி லாக்கரில் வைக்கச் சொல்கிறார்கள்.

சீனியர்கள் சொல்வது தப்பு. லாக்கரில் கிடக்கும் பேட்ஜ் லாக்கர் வாங்கிய டோஸைத்தான் சொல்லும். உள்ளே பார்த்திருக்கிறீர்களா? சிறிய அட்டையில் மூன்று வட்டில்கள், டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்ஃபேட். மூன்று மாதம் வாங்கியதைச் சேர்த்து வைத்திருந்து, சூடாக்கும்போது வெளிச்சமாகக் கக்கும். ஈய ஏப்ரனுக்கு உள்ளே, நெஞ்சு உயரத்தில் மாட்டுங்கள்.

நான் வேலை பார்த்த இடத்தில் ஒருவருடைய பேட்ஜில் ஒரு காலாண்டுக்கு 100 மில்லிசீவர்ட்டுக்கு மேல் வந்துவிட்டது. ஆண்டு வரம்பே ஐந்து வருடச் சராசரியாக 20, எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. மனிதர் அன்று மதியம் சாப்பிடவில்லை. விசாரித்தால், ஏப்ரனைக் கழற்றும்போது பேட்ஜ் நழுவி மேசை மெத்தைக்கு அடியில் போய்விட்டது. சி-ஆர்மில் குழாய் கீழே இருக்கும் அல்லவா? மூன்று வாரம் நேரடிக் கதிரிலேயே கிடந்திருக்கிறது. சொன்னால் போதாது, நிரூபிக்க வேண்டும். ரத்தம் எடுத்து லிம்ஃபோசைட்டுகளை வளர்த்து, கதிர் பட்டால் கூடுகிற, இரட்டை மையம் கொண்ட குரோமோசோம்களை எண்ணினார்கள். வழக்கத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. முடிவு வரும்வரை அவர் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லையாம்.

உங்களுக்கு முக்கியம் தூரம். நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறுவதுதான் உங்களை அடைகிறது. ஒரு மீட்டரில் அது, தோலில் விழுவதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். இரண்டு மீட்டருக்குப் போனால் அதிலும் கால் பங்கு. படம் எடுக்கும் நொடிக்கு இரண்டு எட்டு பின்னால் வைப்பதற்குக் காசு கிடையாது. ஏப்ரனை மடித்துப் போடாதீர்கள், உள்ளே ஈயம் விரிசல் விடும். மாட்டித் தொங்கவிடுங்கள்.

ஒரு அப்பா, பெரம்பூர்: ஆறு வயதுப் பையனுக்கு நிமோனியா. ஒரே மாதத்தில் மூன்று நெஞ்சு எக்ஸ்ரே. தூக்கம் வரவில்லை.

தூங்குங்கள் சார். ஒரு நெஞ்சுப் படம் சுமார் 0.02 மில்லிசீவர்ட். மண், காற்று, சாப்பாடு, வானம் எல்லாம் சேர்ந்து உலகச் சராசரியாக ஒரு மனிதருக்கு வருடம் 2.4 தருகின்றன. மூன்று படமும் சேர்ந்து ஒன்பது பத்து நாள் சும்மா வாழ்ந்ததற்குச் சமம். சி.டி. என்று பேச்சு வந்தால் மட்டும் நிதானியுங்கள். அது நூற்றுக்கணக்கான நெஞ்சுப் படங்களுக்குச் சமம். தேவைப்பட்டால் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் மிஷினில் குழந்தைக்கான அளவு வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள், பழைய படங்களையும் கையோடு கொண்டுபோங்கள். தொலைந்த ஃபிலிமுக்காக மறுபடி எடுக்கும் ஸ்கேன்தான் எனக்கு ஆகவே ஆகாது.

அவரே: இடுப்பு எக்ஸ்ரேக்கு ஈயத் தடுப்பு வைக்கவில்லையே, அலட்சியமா?

இல்லை. வழக்கமாக வைப்பதை நிறுத்தலாம் என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கமே 2019-இல் சொல்லிவிட்டது. தடுப்பு நகர்ந்து பார்க்க வேண்டிய எலும்பை மறைத்தால் படம் மறுபடி எடுக்க வேண்டும். தானியங்கி சென்சார் மேல் வந்துவிட்டால், மிஷின் கதிரைக் கூட்டிக் கொடுக்கும்.

மகேஸ்வரி, எக்ஸ்ரே டெக்னீஷியன்: மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறேன். வேலையை விடட்டுமா?

வேண்டாம் மா. இன்றைக்கே எழுத்தில் தெரிவியுங்கள், அதுதான் முதல் வேலை. தெரிவித்த பிறகு, மீதி மாதங்களில் குழந்தைக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியாவின் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமான ஏ.இ.ஆர்.பி.யின் விதி. கண்ட்ரோல் அறையில் தடுப்புக்குப் பின்னால் நிற்பவருக்கு இது எட்டாத அளவு. தியேட்டர், இதய ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் டூட்டியை மட்டும் மாற்றிக் கேளுங்கள். குறைபாடு வரும் என்று பயப்படும் அளவு 100 மில்லிகிரேக்கு மேல்.

ஒரு மாமியார், மருமகள் போனிலிருந்து: எக்ஸ்ரே ரூமில் காற்றிலேயே கதிர் இருக்குமாமே?

ஸ்விட்சை அணைத்ததும் பல்பு வெளிச்சம் ரூமில் தங்குமா? அதே மாதிரிதான் அம்மா. நியூக்ளியர் மெடிசினில் கதிரியக்க மருந்து ஊசி போட்டுக்கொண்டவர் விஷயம் வேறு. அவர் உடம்பே கொஞ்ச நேரம் கதிர் விடும். அந்த ஊசியில் அதிகம் போடும் டெக்னீஷியம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அன்றைக்குப் பேரனை மடியில் வைக்காதீர்கள்.

திவ்யா மறுபடியும்: சார், வேலை மாறினால் புது பேட்ஜ் எண் வாங்க வேண்டுமா?

கூடாது. ஒருவருக்கு ஒரே எண், ஆயுசுக்கும் அதுதான். பழைய இடத்தில் விடைபெறும் நாளில் கேக் வெட்டுவதற்கு முன்னால் அந்த எண்ணையும் டோஸ் பதிவையும் எழுதி வாங்கிக்கொள்.